கோடை இன்டர்ன்ஷிப்: ஆய்வகமா, அலுவலகமா, ஆலையா?

ஆறாம் பருவம் தொடங்கிச் சில வாரங்கள் ஆனதும், அதாவது பிப்ரவரி மாதவாக்கில், பொறியியல் கல்லூரி ஆசிரியர்களின் அறைக்கு மாணவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்குவார்கள். கையில் போனஃபைடு சான்றிதழுக்கான விண்ணப்பம் இருக்கும். அதில் எந்த நிறுவனத்தின் பெயரை எழுதுவது என்பது மட்டும் முடிவாகியிருக்காது. "சார், எங்கே இன்டர்ன்ஷிப் போனால் நல்லது?" என்ற கேள்விக்குத் தொடக்க ஆண்டுகளில் நானும் "பெயர் பெற்ற இடமாகப் பார்த்துப் போ" என்றே சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்தவர்கள் எழுதிக் கொடுத்த அறிக்கைகளை ஆண்டுதோறும் படித்த பிறகுதான் அந்த அறிவுரை எவ்வளவு மேலோட்டமானது என்பது விளங்கியது. பெரிய தொழிற்சாலை ஒன்றில் இரண்டு வாரம் சுற்றிப் பார்த்த மாணவரின் அறிக்கையில் அந்நிறுவனத்தின் வரலாறு பத்துப் பக்கம் இருந்தது. அவர் செய்த வேலை அரைப் பக்கம்கூட இல்லை. யாரும் கேள்விப்படாத ஒரு பட்டறையில் ஆறு வாரம் இருந்தவரின் அறிக்கையிலோ, அவரே போட்ட அட்டவணைகளும், தவறாக அளந்துவிட்டு மறுபடி அளந்த கணக்குகளும் இருந்தன.

மாவட்டத் தலைநகரை ஒட்டிய ஒரு சுயநிதிக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிப்பவருக்கு நடைமுறையில் நான்கு வழிகள் திறந்திருக்கின்றன. ஆய்வு நிறுவனங்களின் கோடை ஆய்வு உதவித்தொகைத் திட்டங்கள் முதல் வழி. ஸ்டைபண்ட் எனும் மாத உதவித்தொகை தரும் மென்பொருள் அல்லது வடிவமைப்பு நிறுவனங்கள் இரண்டாவது. இன்பிளான்ட் டிரெய்னிங் என்று மாணவர்கள் அழைக்கும் ஆலைப் பயிற்சி மூன்றாவது. பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தரும் பயிற்சி மையங்கள் நான்காவது. இவற்றை ஒப்பிடும்போது பெரும்பாலான குடும்பங்கள் பெயரையும் பணத்தையும் சான்றிதழையும் பார்க்கின்றன. நான் முதலில் பார்ப்பது வேறு: மாணவர் செய்யும் வேலையை, அவரைவிட விவரம் தெரிந்த ஒருவர் வாரத்துக்கு எத்தனை முறை உட்கார்ந்து பார்த்துத் திருத்துவார் என்பதையே. ஏழாம் பருவத்தில் வளாகத் தேர்வு நடத்த வரும் நிறுவனத்தினர் ரெஸ்யூமேயில் உள்ள நிறுவனப் பெயரைப் பார்த்து முதல் கேள்வியைக் கேட்பார்கள் என்பது உண்மைதான். ஆனால், "ஏன் அப்படிச் செய்தீர்கள், வேறு வழியில் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று தொடரும் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு, திருத்தப்பட்ட வேலையைச் செய்தவரால் மட்டுமே பதில் சொல்ல முடிகிறது.

ஆய்வகம்

இந்த அளவுகோலின்படி ஆய்வு நிறுவனங்களே முதலில் நிற்கின்றன. பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி, புது டில்லியில் உள்ள இந்திய தேசிய அறிவியல் அகாடமி, பிரயாக்ராஜில் உள்ள தேசிய அறிவியல் அகாடமி ஆகிய மூன்றும் இணைந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகைத் திட்டம் இவற்றுள் பரப்பில் பெரியது. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம், புவி அறிவியல், பொறியியல் எனப் பல துறைகளிலும் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, நாடெங்கும் உள்ள ஆய்வாளர்களிடம் இரண்டு மாதங்களுக்கு அனுப்புகிறார்கள். அண்மை ஆண்டுகளில் மாணவர்களுக்கு மாதம் 12,500 ரூபாய் உதவித்தொகையும் இரயில் கட்டணமும் வழங்கப்பட்டு வருகின்றன. சென்னை ஐஐடி தன் வளாகத்தில் இரண்டு மாதக் கோடை உதவித்தொகைத் திட்டத்தைத் தனியே நடத்துகிறது. இது பிற கல்லூரிகளில் படிக்கும் மாணவர்களுக்காகவே உள்ளது. பொறியியலில் மூன்றாம் ஆண்டு மாணவர்களும், எம்.எஸ்சி., எம்.ஏ., எம்.பி.ஏ. முதலாண்டு மாணவர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதைக் கலை அறிவியல் கல்லூரிகளில் பலர் அறிவதில்லை. கோட்பாட்டு இயற்பியலிலும் கணிதத்திலும் கணினி அறிவியலின் கோட்பாட்டுப் பகுதியிலும் நாட்டம் உள்ளவர்களுக்குத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனமும், மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், பெங்களூருவின் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையமும் கோடைத் திட்டங்களை நடத்துகின்றன.

இத்திட்டங்களின் முதல் சிக்கல் நாட்காட்டி. மூன்று அகாடமிகளும் நடத்தும் திட்டத்துக்கு வரும் கோடைக்கான விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களிலேயே, வழக்கமாக நவம்பருக்குள், முடிந்துவிடும். பிப்ரவரியில் ஆசிரியர் அறைக்கு வந்து நிற்பவர் அந்த ஆண்டுக்கான மிக நல்ல வாய்ப்பு ஒன்றைத் தெரியாமலேயே இழந்திருப்பார். சென்னை ஐஐடியின் அறிவிப்பு பெரும்பாலும் ஆண்டின் தொடக்க மாதங்களில் வரும் என்பதால் அதற்கு அவருக்கு இன்னும் காலம் இருக்கலாம். இரண்டாவது சிக்கலும் நாட்காட்டியைச் சார்ந்ததே. ஆய்வு நிறுவனங்கள் மே மாத நடுவில் வரச் சொல்லும். இணைப்புக் கல்லூரிகளின் பருவத் தேர்வுகளோ மே மாதம் முழுவதும் நடந்து, சில ஆண்டுகளில் ஜூனுக்குள்ளும் நுழைந்துவிடுகின்றன. இதற்கு அஞ்சி விண்ணப்பிக்காமல் விடுவது தவறு. தேர்வான பிறகு, வழிகாட்டும் பேராசிரியருக்குத் தேர்வு அட்டவணையை இணைத்து எழுதி, சேரும் நாளைத் தள்ளிவைக்க இயலுமா என்று கேட்கலாம். பலர் இசைவார்கள், சிலர் இசையமாட்டார்கள்.

மூன்றாவது ஒன்று உண்டு. அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நடைமுறையில் மாணவரை நாள்தோறும் பார்த்துக்கொள்பவர் பேராசிரியர் அல்லர், அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஆய்வு மாணவரே. இது குறையன்று, சொல்லப்போனால் இதுவே இந்த வழியின் பலம். பேராசிரியர் வாரத்துக்கு ஒருமுறை குழுக் கூட்டத்தில் பதினைந்து நிமிடம் கேட்பார். ஆய்வு மாணவரோ பக்கத்து மேசையில் இருப்பார், கணக்கில் குறியீடு மாறியிருப்பதை அன்றைக்கே சுட்டிக்காட்டுவார், அந்தத் துறையில் எந்தக் கட்டுரையை முதலில் படிக்க வேண்டும் என்பதையும் சொல்லித் தருவார். மாணவர் அவருடைய ஆய்வின் ஒரு சிறு துண்டைத்தான் செய்வார் என்பதால், எட்டு வாரத்தில் ஆய்வுக் கட்டுரை வெளிவரும் என்று எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாந்து திரும்புவார்.

யாருக்கு இது பொருந்தும் என்றால், கேட் தேர்வு எழுதி எம்.டெக். போக நினைப்பவர்களுக்கும், வெளிநாட்டு மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கும், ஆராய்ச்சி தமக்கு ஒத்துவருமா என்று தெரியாமல் இருப்பவர்களுக்கும் பொருந்தும். "எனக்கு ஆராய்ச்சி வேண்டாம் என்று தெரிந்துகொண்டேன்" என்று சொல்லித் திரும்பிய மாணவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டு மாதத்தில் அது தெரிந்தது அவர்களுக்கு ஐந்து ஆண்டுகளை மிச்சப்படுத்தியிருக்கும். கல்லூரி முடித்த கையோடு வேலைக்குச் செல்வதே குடும்பத்தின் தேவை என்றால், இந்த வழி நேரடியாக வேலையைக் கொண்டுவராது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

அலுவலகம்

நிறுவன இன்டர்ன்ஷிப்பில் பெரிய நிறுவனம், சிறிய நிறுவனம் என்ற பிரிவைவிட, வரையறுத்த திட்டம் உள்ள நிறுவனம், ஆள் தேவைப்பட்டதால் எடுக்கும் நிறுவனம் என்ற பிரிவே பயனுள்ளது. முதல் வகையினர் மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலேயே, அடுத்த கோடைக்கான மாணவர்களைத் தாங்கள் வழக்கமாகச் செல்லும் வளாகங்களில் தேர்ந்தெடுத்து முடித்துவிடுவார்கள். அங்கே ஸ்டைபண்ட் அதிகம், மென்டர் எனும் வழிகாட்டி ஒருவர் பெயர் குறித்து ஒதுக்கப்படுவார், இறுதியில் பிரீ-பிளேஸ்மென்ட் ஆஃபர் எனப்படும் முன்கூட்டிய வேலை அழைப்பும் வரக்கூடும். அந்த வளாகப் பட்டியலில் இல்லாத கல்லூரியின் மாணவர் அவர்களின் இணையதளத்திலோ, போட்டித் தேர்வுகளின் வழியாகவோ முயன்று பார்க்கலாம். கதவு மூடியிருக்கவில்லை, குறுகலாக இருக்கிறது.

இரண்டாம் வகையில்தான் நம் மாணவர்களில் பலருக்கு இடம் கிடைக்கிறது. சென்னை, கோவை, பெங்களூரு நகரங்களில் பத்து, பதினைந்து பேர் வேலை செய்யும் நிறுவனங்கள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இன்டர்ன்ஷாலா, லிங்க்ட்இன் போன்ற தளங்களில் அறிவிப்பு வெளியிட்டு இரண்டு, மூன்று வாரத்தில் ஆளை எடுத்துக்கொள்கின்றன. இங்கே கிடைக்கும் அனுபவம் இரு எல்லைகளுக்கு இடையே ஊசலாடும். நிறுவனர் தானே பொறியாளராக இருந்து, மாணவர் எழுதிய நிரலை வரிவரியாகப் பார்த்துத் திருப்பி அனுப்பும் இடங்கள் உண்டு. அப்படிப்பட்ட ஓர் இடத்தில் எட்டு வாரம் இருந்தவர் கல்லூரியில் இரண்டு பருவங்களில் கற்பதைவிட அதிகம் கற்பார். மாணவரை மலிவான ஆளாகக் கருதி, நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கங்களை நிரப்பவும், எக்செல் தாளில் முகவரிகளைத் தட்டவும் வைக்கும் இடங்களும் உண்டு. அறிவிப்பில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

வேறுபாட்டை நேர்காணலில் கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள், நம் மாணவர்கள் பணிவு என்று எண்ணி "ஒன்றும் இல்லை சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிறார்கள். என் வேலையை யார் பார்ப்பார், முதல் இரண்டு வாரத்தில் நான் என்ன செய்வேன், சென்ற ஆண்டு வந்த மாணவர் எதைச் செய்து முடித்தார் என்ற மூன்றையும் அப்போது கேட்க வேண்டும். மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வந்தால் அந்த இடம் பெரும்பாலும் நல்ல இடமே. செய்த வேலையில் எதைக் கல்லூரி அறிக்கையில் எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது. இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு, இறுதியில் அறிக்கையில் எழுத ஒன்றுமில்லாமல் தவித்தவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்டைபண்ட் தொகையை அப்படியே ஒப்பிடுவது பெரிய பிழை. திண்டுக்கல்லைச் சேர்ந்த மாணவிக்குச் சென்னை நிறுவனம் மாதம் 10,000 ரூபாயும், சொந்த ஊரிலேயே உள்ள நிறுவனம் 6,000 ரூபாயும் தருவதாக வைத்துக்கொள்வோம். சென்னையில் அறைக்கும் சாப்பாட்டுக்கும் 9,000, போக்குவரத்துக்கு 2,000 என்று கணக்கிட்டால் வீட்டிலிருந்து மாதம் 1,000 ரூபாய் அனுப்ப வேண்டியிருக்கும். திண்டுக்கல்லில் பேருந்துச் செலவு போக 5,000 ரூபாய் கையில் நிற்கும். இரண்டுக்கும் இடையே மாதம் 6,000 ரூபாய் வேறுபாடு, அதுவும் எதிர்த்திசையில். ஆகவே சென்னைக்குப் போவதென்றால் பணத்துக்காக அன்றி, வேலையின் தன்மைக்காகப் போக வேண்டும். வீட்டிலிருந்தே செய்யும் இணையவழி இன்டர்ன்ஷிப் இந்தச் செலவை அடியோடு நீக்கிவிடுகிறது. ஆனால் திருத்துபவர் பக்கத்தில் இல்லாததால், தவறான பாதையில் நான்கு நாள் நடந்த பிறகே மாணவருக்கு அது தெரியவருகிறது. முதல் இன்டர்ன்ஷிப்பாக இருந்தால், கொஞ்சம் பணம் போனாலும் நேரில் செல்வதையே நான் பரிந்துரைப்பேன்.

இணையவழியிலேயே செய்ய வேண்டிய கட்டாயம் உள்ள கணினி மாணவர்களுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. கூகுள் 2005-ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில், கட்டற்ற மென்பொருள் அமைப்புகளின் திட்டங்களில் 90, 175 அல்லது 350 மணி நேர அளவிலான பணிகளைச் செய்து உதவித்தொகை பெறலாம். முன்மொழிவைக் கொடுக்கும் காலம் வழக்கமாக மார்ச், ஏப்ரல் மாதங்களில் வரும். 2022 முதல் மாணவர் அல்லாதவர்களும் இதில் சேரலாம் என்பதால் போட்டி கூடியிருக்கிறது. நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் அந்த அமைப்பினர் எல்லோரும் பார்க்கும்படியாகவே திருத்துவதால், நான் சொல்லும் அளவுகோலில் இது மிக உயர்ந்து நிற்கிறது. ஆனால் மார்ச்சில் விழித்துக்கொண்டு முன்மொழிவு எழுதினால் இடம் கிடைப்பது அரிது. டிசம்பரிலிருந்தே அந்த அமைப்பின் சிறு வழுக்களைத் திருத்திக் கொடுத்து அறிமுகமாகியிருக்க வேண்டும்.

ஆலை

ஆலைப் பயிற்சியை மாணவர்கள் இளப்பமாகப் பார்க்கிறார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. கல்லூரிக் கடிதத்துடன் போய், இருபது பேர் ஒரு கூட்டமாக ஒரு வாரம் இயந்திரங்களைப் பார்த்துவிட்டு வருவதே இன்பிளான்ட் டிரெய்னிங் என்றாகிவிட்டது. பொதுத்துறை நிறுவனங்களிலும் பெரிய வாகன ஆலைகளிலும் பாதுகாப்பு விதிகள் கடுமையாக இருப்பதால் மாணவரை இயந்திரத்தின் அருகே விடமாட்டார்கள். அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இயந்திரவியல், மின்னியல், ஜவுளித் தொழில்நுட்பம் படிப்பவர்களுக்கு, இதே வழியைச் சற்று மாற்றிக் கொண்டால் தமிழ்நாட்டைப்போல் வாய்ப்புள்ள இடம் குறைவு. கோவையின் பம்புசெட் தொழிலகங்களும் வார்ப்பாலைகளும், திருப்பூரின் பின்னலாடைச் சாயப்பட்டறைகளும், ஓசூரின் உதிரிபாகத் தொழிலகங்களும், கரூரின் வீட்டு ஜவுளி நிறுவனங்களும் பெரும்பாலும் உரிமையாளரே நேரில் இருந்து நடத்தும் இடங்கள். அங்கே போய் "பயிற்சி வேண்டும்" என்று கேட்டால் வேடிக்கை பார்க்கத்தான் விடுவார்கள். "உங்களிடம் எந்தப் பொருள் அதிகமாக ரிஜெக்ட் ஆகிறது? ஆறு வாரம் அதைக் கணக்கெடுத்துத் தருகிறேன்" என்று கேட்டால் பேச்சு வேறு விதமாகத் தொடங்கும்.

வார்ப்பாலையை எடுத்துக்கொள்வோம். பச்சை மணல் எனப்படும் ஈர மணல் அச்சில் ஊற்றப்படும் இரும்பு வார்ப்புகளில் காற்றுக் குமிழிகளால் ஓட்டை விழுவது அன்றாடத் தொல்லை; ப்ளோ ஹோல் என்றே தொழிலாளர்களும் சொல்வார்கள். மணலில் ஈரம் கூடியிருந்தாலும், காற்று வெளியேறும் தன்மை குறைந்திருந்தாலும் இது நேரும். எந்த ஷிப்டில், எந்த அச்சில், மணலின் ஈரப்பதம் எவ்வளவு இருந்தபோது எத்தனை வார்ப்புகள் கழிந்தன என்பதை மாணவர் ஆறு வாரம் நாள் தவறாமல் குறித்து வந்தால், இறுதியில் எந்தக் காரணத்தால் கழிவின் பெரும்பகுதி வருகிறது என்பதை ஒரு வரைபடத்தில் காட்டிவிடலாம். புள்ளியியல் தாளில் படித்த பரேட்டோ வரைபடம் அப்போதுதான் உயிர் பெறுகிறது. முப்பது ஆண்டு அனுபவம் உள்ள ஃபோர்மேன் அந்த அட்டவணையைப் பார்த்து, "இந்த மூணு நாளும் மழை பெய்ஞ்சுது தம்பி, அதையும் எழுதிக்கங்க" என்று சொல்வார். நான் சொல்லும் திருத்தம் இதுதான். அதற்கு முனைவர் பட்டம் தேவையில்லை. உரையாடல் முழுவதும் தமிழில் நடப்பதால், ஆங்கிலத்தில் பேசத் தயங்கி வகுப்பில் வாய் திறக்காத மாணவர்கள் இங்கே தாராளமாகக் கேள்வி கேட்பதையும் பார்த்திருக்கிறேன்.

குறை என்னவென்றால், ஸ்டைபண்ட் பெரும்பாலும் இராது. சில இடங்களில் மதியச் சாப்பாடும் பேருந்துச் செலவும் தருவார்கள். மென்பொருள் வேலைக்கே போகப்போகிறோம் என்று முடிவெடுத்துவிட்ட இயந்திரவியல் மாணவருக்கு இதனால் பயன் குறைவு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையின்கீழ் இரண்டு வாரப் பயிற்சிக்கு ஒன்று, நான்கு வாரத்துக்கு இரண்டு, ஆறு வாரத்துக்கு மூன்று என்று கிரெடிட் கணக்கிடப்படுவதால், ஒரு வாரச் சுற்றுலாவாகப் போய்விட்டு வருவதில் அந்த வகையிலும் இலாபமில்லை.

பணம் கேட்கும் இடங்கள்

நான்காவது வழியைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. நான்கு வாரத்துக்கு மூவாயிரமோ ஆறாயிரமோ வாங்கிக்கொண்டு, முன்பே பதிவு செய்த காணொளிகளைக் காட்டி, ஏற்கெனவே செய்து முடித்த "புராஜெக்ட்" ஒன்றைக் கையில் கொடுத்து, இன்டர்ன்ஷிப் என்ற தலைப்பில் சான்றிதழ் அச்சிட்டுத் தருவது ஒரு வணிகம். பைத்தானோ ஆட்டோகேடோ கற்றுக்கொள்ளப் பணம் கட்டுவதில் தவறில்லை. அதைப் பயிற்சி வகுப்பு என்று அழைத்து, ரெஸ்யூமேயிலும் அப்படியே எழுதினால் போதும். நேர்காணல் நடத்துபவர்கள் இந்தச் சான்றிதழ்களை நூற்றுக்கணக்கில் பார்த்தவர்கள்.

ஆனாலும் பணம் கேட்கும் இடமெல்லாம் மோசடி என்று தள்ளிவிடவும் கூடாது. அரசு ஆய்வகங்கள் சிலவற்றில் செயல்திட்டம் செய்ய வரும் மாணவர்களிடம் கட்டணம் பெறும் வழக்கம் உண்டு. அங்கே அந்தப் பணம் கருவிகளைப் பயன்படுத்துவதற்கானது, வழிகாட்டும் அறிவியலாளரின் பெயர் முன்பே தெரியும், கட்டண விவரம் ஆய்வகத்தின் தளத்திலேயே இருக்கும். விண்ணப்பிக்காத மாணவருக்கு வாட்ஸ்ஆப்பில் "தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டீர்கள்" என்று கடிதம் வந்து, திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை என்ற பெயரில் அன்று மாலைக்குள் பணம் அனுப்பச் சொன்னால் அது வேறு வகை. மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடி, அதற்கு 21 எழுத்துகளும் எண்களும் கொண்ட பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். தனி உரிமையாளர் நிறுவனங்களும் சாதாரணக் கூட்டாண்மை நிறுவனங்களும் அந்தப் பட்டியலில் இருக்கமாட்டா என்பதால், எண் இல்லாததை மட்டும் வைத்துப் பொய் என்று முடிவுகட்ட முடியாது. எண் இருப்பதை மட்டும் வைத்து நல்ல இடம் என்றும் கொள்ள முடியாது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 2024 அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைப் பற்றிக் கேட்டு மாணவர்கள் வருகிறார்கள். தொடங்கியபோது அந்தத் திட்டம் மாதம் 5,000 ரூபாயுடன் பன்னிரண்டு மாதங்களுக்கு உரியதாக இருந்தது. முழுநேரப் படிப்பில் இருப்பவர்களுக்கு அது கிடையாது என்ற நிபந்தனையுடன் தொடங்கப்பட்டது. கோடை விடுமுறைக்கு அது வழியாகாது.

விண்ணப்பம்

நான்கு வழிகளுக்கும் ஒரே ரெஸ்யூமேயை அனுப்புவது வழக்கமாகிவிட்டது. ஆய்வகத்துக்கு அனுப்பும் ரெஸ்யூமேயில் படித்த பாடங்களும் மதிப்பெண்களும் மேலே வர வேண்டும். சிறு நிறுவனத்துக்கு அனுப்புவதில், தானே செய்து ஓடவைத்த ஒன்று மேலே வர வேண்டும். அது கல்லூரிக் கருத்தரங்கின் வருகைப் பதிவுக்காக எழுதிய சிறு செயலியாக இருந்தாலும் பரவாயில்லை. ஆலை உரிமையாளருக்கு ரெஸ்யூமே வேண்டியதே இல்லை, துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதமும் நேரில் போய்ப் பேசும் பத்து நிமிடமும் போதும். எல்லாவற்றிலும் ஒரே பக்கம்தான். தந்தையின் தொழில், மதம், பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை.

பேராசிரியர்களுக்கு எழுதும் மின்னஞ்சலில்தான் பெரும்பாலான வாய்ப்புகள் வீணாகின்றன. நாற்பது பேருடைய முகவரிகளை ஒரே வரிசையில் போட்டு, "மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்" என்று தொடங்கி, தங்கள் மேலான வழிகாட்டுதலின்கீழ் எந்தத் துறையிலும் பணியாற்ற ஆவலாக இருக்கிறேன் என்று முடியும் கடிதத்தை அந்த நாற்பது பேரில் ஒருவரும் படிக்கமாட்டார். ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருடைய அண்மைக்காலக் கட்டுரை ஒன்றையாவது முன்னுரையும் முடிவுரையும் அளவுக்குப் படித்து, அதில் தனக்கு விளங்கியது எது, விளங்காதது எது, அந்தப் பகுதியில் தன்னால் இப்போதே செய்யக்கூடியது எது என்று பத்து வரிகளில் எழுதினால், ஒன்றிரண்டு பதிலாவது வரும். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். இரண்டாவது முறை வேண்டாம்.

பரிந்துரைக் கடிதத்தைப் பற்றி ஆசிரியர் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இறுதி நாளுக்கு முந்தைய மாலையில் வந்து கேட்கும் மாணவருக்கு நான் எழுதுவது, அவருடைய நன்னடத்தைக்கும் வருகைப் பதிவுக்கும் சான்றாக மட்டுமே அமைகிறது. மூன்று வாரம் முன்பே வந்து, தான் செய்த ஆய்வக வேலைகளையும் விண்ணப்பத்தில் எழுதிய காரணங்களையும் ஒரு தாளில் குறித்துக் கொடுத்தவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒரு மனிதராகத் தெரிகிறார். மதிப்பெண் அதிகம் உள்ளவரைத்தான் ஆசிரியர்கள் பரிந்துரைப்பார்கள் என்று எண்ணி விலகி நிற்பவர்கள் அதிகம். வந்து கேட்டுப் பார்க்காமல் அப்படி எண்ணிக்கொள்வதில் பொருளில்லை.

இரண்டு கடிதங்கள் கையில் இருக்கும்போது

மின்னணுவியல் படிக்கும் அதே திண்டுக்கல் மாணவியிடம் ஏப்ரல் மாதத்தில் இரண்டு கடிதங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று, பன்னிரண்டு பேர் உள்ள சென்னை நிறுவனம் எட்டு வாரத்துக்கு அழைத்தது. மைக்ரோகன்ட்ரோலர் நிரல் எழுதும் வேலை, மாதம் 10,000 ரூபாய். மற்றொன்று, திருச்சியில் உள்ள மத்திய அரசுக் கல்வி நிறுவனம் ஒன்றின் பேராசிரியர் ஆறு வாரத்துக்கு வரலாம் என்று எழுதியது; ஸ்டைபண்ட் இல்லை. வீட்டில் எல்லோரும் திருச்சி என்பார்கள்: நிறுவனத்தின் பெயரும் இருக்கிறது, ஊரும் பக்கம், பெண் பிள்ளை தனியாகச் சென்னையில் தங்க வேண்டியதும் இல்லை.

நான் அந்த இரண்டு கடிதங்களையும் வாங்கிப் படித்துப் பார்ப்பேன். பேராசிரியரின் பதிலில் "வந்து சேருங்கள்" என்ற ஒரு வரி மட்டும் இருந்து, எந்தச் சிக்கலில் வேலை, எந்த ஆய்வு மாணவருடன் என்பது இல்லாவிட்டால், முதல் இரண்டு வாரம் நூலகத்தில் கழிவதற்கே வாய்ப்பு அதிகம். அப்படியானால் சென்னையே மேல், மாதம் ஆயிரம் ரூபாய் கைப்பணம் போனாலும். பேராசிரியர் வேலையையும் ஆளையும் குறிப்பிட்டு எழுதியிருந்து, மாணவிக்கும் எம்.டெக். எண்ணம் இருந்தால் திருச்சிக்குப் போகச் சொல்வேன். நிறுவனத்தின் கடிதத்தில் சேரும் நாள், முடியும் நாள், தொகை, பொறுப்பாளர் பெயர் ஆகிய நான்கும் இல்லையென்றால் அவற்றை எழுதி வாங்கிய பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும். தங்கும் விடுதி அலுவலகத்திலிருந்து எவ்வளவு தொலைவு, மாலையில் எத்தனை மணிக்கு வேலை முடியும் என்பதைப் பெற்றோரே தொலைபேசியில் கேட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முடிவெடுத்த அன்றே மற்ற இடத்துக்கு மறுத்து எழுதிவிட வேண்டும். பதிலே சொல்லாமல் இருந்துவிடுவதும், ஒப்புக்கொண்டுவிட்டு மே மாதத்தில் காணாமல் போவதும் அந்த மாணவரோடு முடிவதில்லை. அந்தப் பேராசிரியரோ நிறுவனமோ அடுத்த ஆண்டு அதே கல்லூரியின் பெயரைத் தாங்கி வரும் விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்பு ஒரு கணம் யோசிப்பார்கள். இரண்டு வரி போதும்: வேறோர் இடத்தை ஏற்றுக்கொண்டேன், வாய்ப்பளித்தமைக்கு நன்றி. முடிந்தால், அந்த இடத்துக்குப் பொருத்தமான வகுப்புத் தோழர் ஒருவரின் பெயரையும் அதில் சேர்க்கலாம். அப்படி வந்த ஒரு வரியால் இடம் கிடைத்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.